பொரியலுக்குச் சேரட்டும் என்று காத்திராதீர்கள்: வீட்டுத் தோட்டத்தில் காய் பறிக்கும் முறை

மாடியில் நான்கைந்து வெண்டைச் செடிகள் வளர்ப்பவர்களில் பலர் ஒரே தவற்றைச் செய்கிறார்கள். நாளொன்றுக்கு இரண்டு அல்லது மூன்று காய்களே பறிக்கும் பருவத்துக்கு வருகின்றன. அவை ஒரு பொரியலுக்குப் போதாது. ஆகவே இன்னும் நான்கு சேரட்டும் என்று அவற்றைச் செடியிலேயே விட்டுவைக்கிறார்கள். நான்காம் நாள் சேர்த்துப் பறிக்கும்போது, முதலில் வந்தவை நாரேறிக் கத்திக்கு மசியாமல் இருக்கின்றன. அந்த இரண்டு காய்கள் வீணானது சிறிய நட்டம்தான். அந்த நான்கு நாள்களும் செடி தன் உணவைப் புதிய பூவுக்கும் தளிருக்கும் முழுமையாக அனுப்பாமல், முற்றிக்கொண்டிருந்த காய்களின் விதைகளுக்கு அனுப்பியது அதைவிடப் பெரிய நட்டம்.

நமக்குக் காய் என்பது உணவு. செடிக்கு அது விதை வளரும் உறை. ஓராண்டுக்குள் வாழ்ந்து முடியும் செடிகளுக்கு விதையை முற்றவைப்பதே வாழ்நாள் வேலை. உள்ளே விதைகள் பருக்கத் தொடங்கியதும் இலைகள் தயாரிக்கும் சர்க்கரையும் வேர் எடுத்துத்தரும் தழைச்சத்தும் (நைட்ரஜன்) அவற்றை நோக்கியே ஓடுகின்றன. வளரும் விதைகளிலிருந்து வெளிப்படும் வளர்ச்சிச் சுரப்புகள் மற்ற மொட்டுகளின் வளர்ச்சியையும் மட்டுப்படுத்துகின்றன. போதுமான விதை முற்றிவிட்டால் செடி மஞ்சளித்து முதுமையடைகிறது. பிஞ்சுக்கும் முற்றலுக்கும் இடையிலுள்ள பருவத்தில் நாம் காயை எடுத்துவிட்டால் அந்த வேலை முடிவடையாமல் நிற்கிறது. செடி மறுபடியும் பூக்கிறது. எனவே பறிப்பு என்பது பயிர் வளர்ப்பின் கடைசிக் கட்டம் அன்று. நீர் விடுவதையும் எரு இடுவதையும் போல, நடுவில் தொடர்ந்து செய்ய வேண்டிய ஒரு பராமரிப்பு. அதன் நாள்கணக்கைச் செடியைப் பார்த்து வகுக்க வேண்டும். சமையலறைத் தேவையைப் பார்த்து அன்று.

இரண்டு காய்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானதே. அன்றன்று பறித்து, ஈரமில்லாமல் துடைத்து, ஒரு துணிப்பையில் குளிர்பெட்டியின் காய்கறித் தட்டில் வைத்தால் வெண்டை மூன்று நான்கு நாள் தாங்கும். செடியில் அதே நாள்கள் இருந்தால் தாங்காது. காய்கள் தனித்தனியாகக் குறைவாக இருக்கும் நாள்களில் எல்லாவற்றையும் கலந்து ஒரு சாம்பாரிலோ அவியலிலோ சேர்த்துவிடலாம். இடம் இருந்தால், ஒரே வகையில் பத்துப் பன்னிரண்டு செடிகளாக வைப்பது இன்னும் நல்லது. ஐந்து வகைகளில் இரண்டிரண்டு செடிகள் வைக்கும் ஆசைதான் பெரும்பாலும் இந்தக் காத்திருப்பை உண்டாக்குகிறது.

வெண்டையும் கத்தரியும்

வெண்டை விதைத்து ஏறத்தாழ 45 நாள்களில் முதல் பறிப்புக்கு வருகிறது. அதன் மஞ்சள் பூ காலையில் விரிந்து அன்றைக்கே வாடிவிடும். அதிலிருந்து ஐந்தாறு நாள்களில் காய் பறிக்கும் பதத்தை அடையும். வெயில் காலத்தில் இந்தக் கணக்கு ஒரு நாள் குறையும். ஆகவே ஒன்றுவிட்டு ஒரு நாள் பறிப்பது வெண்டைக்குக் கட்டாயம். கோடையில் நாள்தோறும் பார்ப்பது நல்லது. சந்தையில் நுனியை ஒடித்துப் பார்த்துக் கடைக்காரரிடம் முறைப்பு வாங்கும் பழக்கத்தைத் தோட்டத்துக்குக் கொண்டுவர வேண்டாம்; ஒடிந்த நுனியோடு செடியில் நிற்கும் பிஞ்சு நேராக வளராது. அதற்குப் பதிலாகக் காம்பைக் கவனியுங்கள். கத்தரிக்கோல் வைத்த உடனே காம்பு வெட்டுப்பட்டால் காய் இளசு. காம்பு கட்டையாக எதிர்த்தால் காயும் முற்றிவிட்டது என்று கொள்ளலாம். முற்றிய காயையும் எடுத்துவிட வேண்டும் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சமையலுக்கு ஆகாது என்பதற்காக அதை விட்டுவைத்தால், செடி உச்சியில் பூப்பதைக் குறைத்துக்கொண்டு அதற்கே உழைத்துக்கொண்டிருக்கும். வெண்டையின் தண்டிலும் இலையிலும் உள்ள சுணை சிலருக்குக் கடும் அரிப்பைத் தரும். முழுக்கைச் சட்டையும் ஒரு பழைய கையுறையும் போதும்.

கத்தரி நட்டு 55 முதல் 60 நாள்களில் காய்க்கத் தொடங்கும். இதில் பருவத்தைச் சொல்வது அளவைவிடப் பளபளப்புதான். ஊதா, பச்சை, வரிக்கத்தரி எதுவானாலும் தோல் எண்ணெய் தடவியதுபோல் மின்னும் வரை காய் சரியான பதத்தில் இருக்கிறது. மெருகு மங்கினால் உள்ளே விதை பழுப்பேறத் தொடங்கிவிட்டது என்று பொருள். கட்டைவிரலால் மெல்ல அழுத்தினால் குழி உடனே எழும்பி வர வேண்டும். எழாமல் அப்படியே நின்றால் காலம் தவறிவிட்டது. செடியில் முதலில் வரும் ஒற்றைக் காயைப் பெரிதாக வளரவிட்டு அழகு பார்க்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. இன்னும் கிளை பிரியாத இளஞ்செடிக்கு அது பெரிய சுமை. முதல் இரண்டு மூன்று காய்களைக் கோழிமுட்டையைவிடச் சிறிதாக இருக்கும்போதே எடுத்துவிட்டால், செடி கிளைத்து, அதன்பின் ஒரே சமயத்தில் பல காய்களைத் தாங்கும் வலுவைப் பெறும். சாமிக்கு வைக்க வேண்டுமானால் சிறிய காயையும் வைக்கலாம், மறுக்கமாட்டார்.

கத்தரியைக் கையால் திருகி இழுக்கக் கூடாது. அதன் காம்பு கட்டை. இழுத்தால் காயோடு கிளையின் பட்டையும் உரிந்து வரும். பூவிதழ் மூடியோடு ஒரு விரலளவு காம்பை விட்டு வெட்ட வேண்டும். 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற வேலூர் மாவட்டத்து இலவம்பாடி முள்ளுக்கத்தரியை வளர்ப்பவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. அதன் முள்ளே கத்தரிக்கோலை எடுக்கவைத்துவிடும். பறிக்கும் நேரத்தில் இன்னொரு வேலையும் சேர்ந்தே நடக்கலாம். நுனித்தளிர் மட்டும் தொய்ந்து தொங்கினால் உள்ளே தண்டுத் துளைப்பான் புழு இருக்கிறது; அந்த நுனியை வாடிய இடத்துக்கு ஓர் அங்குலம் கீழே வெட்டி, துளை விழுந்த காய்களையும் பிஞ்சென்று பாராமல் எடுத்து, சோப்பு நீரில் போட்டு அழித்துவிடுங்கள். அவற்றைத் தொட்டியடியிலேயே எறிந்தால் புழு மண்ணில் கூட்டுப்புழுவாகி மீண்டும் ஏறிவரும்.

பந்தலில் ஒளிந்திருப்பவை

கொடிக் காய்களில் பறிப்பு தவறுவதற்குக் காரணம் சோம்பல் அன்று. காய் கண்ணில் படாததுதான். பீர்க்கும் பாகலும் இலையின் நிறத்திலேயே இலைக்கு அடியில் தொங்கும். பந்தலை மேலிருந்தோ நேர்ப்பார்வையிலோ பார்த்தால் பாதிக் காய்கள் தெரியமாட்டா. காலை வெளிச்சம் சாய்வாக விழும் நேரத்தில் கீழே குந்தி உட்கார்ந்து அண்ணாந்து பார்க்க வேண்டும். பூ விழுந்து பிஞ்சு நின்ற இடத்தில் ஒரு வண்ண நூலைத் தளர்வாகக் கட்டிவைப்பது, மறதியுள்ள நமக்கு மிகவும் உதவும் ஏற்பாடு.

பீர்க்கின் வரம்புகள் விரலுக்கு வளைந்து கொடுக்கும் வரை அது காய். வரம்பு விறைத்து அடிப்பக்கம் வெளுத்தால் அது உடம்பு தேய்க்கும் நாராகும் பாதையில் இறங்கிவிட்டது. பாகலில் நுனி மஞ்சளாவதைக் கண்டபின் பறிப்பது மிகத் தாமதம்; முண்டுகள் நன்கு புடைத்து, நிறம் சற்றே வெளிறத் தொடங்கும்போது, விதை வெள்ளையாகவும் மென்மையாகவும் இருக்கும்போது எடுக்க வேண்டும். புடலைக்கு நுனியில் சிறு கல்லைக் கட்டித் தொங்கவிட்டு நேராக வளர்ப்பது நம் ஊர் வழக்கம். அந்தக் கல் காயின் நீளத்தைப் பார்த்து மகிழும் ஆசையையும் சேர்த்து வளர்த்துவிடுகிறது. நீளம் எவ்வளவானாலும் தோல் மென்மையாக, விரலுக்கு நெகிழ்ந்து கொடுக்கும்போதே வெட்டிவிடுங்கள். சுரைக்கு நகச்சோதனை ஒன்றே போதும்: நகம் எளிதாக இறங்கினால் காய், இறங்காவிட்டால் குடுக்கை. ஆனால் ஒரு காயை ஒரு முறைதான் நகத்தால் சோதிக்கலாம், அதுவும் காம்புக்கு அருகே. மீண்டும் மீண்டும் கீறினால் அந்தக் காயத்தில் பழ ஈ முட்டையிடும்.

வெள்ளரிதான் இந்த விதிக்கு மிகக் கூர்மையான உதாரணம். கொடியில் ஒரே ஒரு காய் மஞ்சளித்துப் பழுத்தாலும், அடுத்து வரும் பிஞ்சுகள் சுருங்கி உதிர்வதைக் காணலாம். அந்த ஒன்றை எடுத்தபின் ஒரு வாரத்தில் கொடி மீண்டும் தெளியும். கொடிகள் தொடக்கத்தில் வெறும் ஆண்பூவாகப் பூத்துக் கொட்டுவது இயல்பு. அதைக் கண்டு உரத்தைக் கூட்ட வேண்டாம். கொடிக் காய்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று, காம்பை வெட்டும்போது மற்றொரு கையால் கொடியைத் தாங்கிக்கொள்வது. பந்தலோடு பற்றியிருக்கும் சுருளிகள் ஒரு இழுப்பில் அறுந்தால், அதற்கு மேலுள்ள கொடி முழுவதும் காற்றில் ஆடி ஒடியும்.

ஒரே காம்பில் மறுபடி பூப்பவை

அவரை வகைகளில் பறிக்கும் முறையே அடுத்த விளைச்சலைத் தீர்மானிக்கிறது. ஆடிப் பட்டத்தில் விதைத்த பந்தல் அவரை, பகற்பொழுது குறைந்தபின்தான் பூக்க ஆரம்பிக்கும். அதன் நீண்ட பூங்காம்பில் அடியிலுள்ள பூக்கள் காயாகி நிற்கும்போது நுனி இன்னும் மொட்டுவிட்டுக்கொண்டிருக்கும். கொத்தாகப் பிடித்து ஒடித்தால் வேலை விரைவில் முடியும். வரவிருந்த பத்துப் பதினைந்து பூக்களும் அதோடு முடிந்துவிடும். ஒவ்வொரு காயையும் அதன் குட்டைக் காம்பில் கிள்ளி எடுத்துவிட்டு, நீண்ட காம்பை அப்படியே விட வேண்டும்.

தட்டைப்பயறு எனப்படும் நீளக் காராமணியில் இது இன்னும் நுணுக்கமானது. ஒரு காம்பின் முனையில் பெரும்பாலும் இரண்டு காய்கள் இணையாகத் தொங்கும். அவற்றுக்கு நடுவே கடுகளவு மொட்டுகள் சில உறங்கிக்கொண்டிருக்கும். காய்களை மட்டும் எடுத்தால் அந்த மொட்டுகள் விழித்து அதே காம்பில் மறுபடி ஒரு சோடி காய்க்கும். இதைத் தெரியாமல் பல பருவங்கள் காம்போடு ஒடித்துக்கொண்டிருந்தவன் நான். கொடி ஏன் சீக்கிரம் ஓய்ந்துவிடுகிறது என்று விதை மீது பழிபோட்டுக்கொண்டும் இருந்தேன். விதை தெரியும் அளவுக்குத் தோல் புடைப்பதற்கு முன்பே, பென்சில் தடிப்பில் பறிப்பது சரியான பருவம். கொத்தவரையில் கணுவுக்குக் கணு கொத்து வரும். கீழ்க் கொத்து முதலில் முற்றும் என்பதால் பறிப்பும் கீழிருந்து மேலே செல்ல வேண்டும். நாரேறிய கொத்தவரையைச் சமைத்து யாரையும் சாப்பிடவைக்க முடியாது.

மழை பெய்து இலைகள் நனைந்திருக்கும்போது அவரைக் குடும்பத்துச் செடிகளைத் தொடாதீர்கள். துரு நோயும் ஆந்த்ராக்னோஸ் என்னும் கருந்திட்டு நோயும் ஈரக் கையிலும் ஈரத் துணியிலும் ஒட்டிக்கொண்டு செடிவிட்டுச் செடி போகும். வெயில் ஏறி இலை உலர்ந்தபின் பறிக்கலாம்.

மிளகாயைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பச்சையாக எடுக்க எடுக்க அது பூத்துக்கொண்டே இருக்கும். சிவக்க விட்டால் மெதுவாகும். வற்றலுக்குப் பழம் வேண்டுமானால், முதல் சில பறிப்புகளைப் பச்சையாக எடுத்துவிட்டுப் பின்னாள் காய்களைச் சிவக்க விடுங்கள். காய்கள் மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ எப்படி நின்றாலும், காம்பு கிளையோடு சேரும் இடத்தில் எதிர்ப்புறமாக மடக்கினால் கிளை ஒடியாமல் வரும்.

தக்காளி சற்று வேறுபட்டது, ஏனெனில் நாம் அதைப் பழமாகத்தான் உண்கிறோம். ஆனாலும் செடியிலேயே முழுவதும் சிவக்கவிடத் தேவையில்லை. அடிப்பக்கத்தில் இளஞ்சிவப்பு தோன்றிய உடனே பறித்து, நிழலில் காம்புப் பக்கம் கீழாக ஒரே அடுக்காகப் பரப்பிவைத்தால் சில நாள்களில் பழுத்துவிடும். அணிலும் கிளியும் கொத்துவதற்கு முன்பே எடுத்துவிடலாம். திடீர் மழையில் தோல் வெடிப்பதும் குறையும். செடியின் பாரமும் இறங்கும். வெப்பம் ஏறத்தாழ 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் தக்காளியில் சிவப்பு நிறமி சரியாக உருவாகாது. ஆகவே சித்திரை வெயிலில் மாடியில் காய் மஞ்சளாகவே நிற்பதைக் கண்டு நாள் கணக்கில் காத்திருக்காமல், வீட்டுக்குள் கொண்டுவந்து பழுக்கவையுங்கள். பழுக்காத தக்காளியையும் கத்தரியையும் குளிர்பெட்டியில் வைக்கக் கூடாது. இரண்டுக்கும் குளிர் ஒத்துக்கொள்ளாது.

கீரையும் கறிவேப்பிலையும்

கீரையில் நமக்கு எதிரி காய் அன்று, பூக்கதிர். முளைக்கீரையும் சிறுகீரையும் மூன்று நான்கு வாரங்களில் வேரோடு பிடுங்க வேண்டியவை. அவற்றில் திரும்பத் திரும்ப வெட்டும் பேச்சு இல்லை. பதினைந்து நாளுக்கு ஒரு முறை ஒரு கைப்பிடி விதையைப் புதிதாகத் தூவிக்கொண்டிருப்பதே வழி. அரைக்கீரை அப்படியல்ல, மண்ணிலிருந்து இரண்டு மூன்று விரற்கடை உயரத்தில், சில கணுக்கள் மிஞ்சும்படி வெட்டினால் ஒவ்வொரு கணுவிலிருந்தும் புதுக்கிளை வரும். முதல் வெட்டை விதைத்த 25 நாளுக்குள் செய்துவிடுங்கள். தாமதித்தால் தண்டு நாராகிக் கதிர் கிளம்பும். கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 3 என்னும் கீரை வகை இதுபோல் பல முறை கிள்ளி எடுப்பதற்கென்றே உருவாக்கப்பட்டது. பாலக்கில் நடுக்குருத்தைத் தொடாமல் வெளி இலைகளை மட்டும் எடுக்க வேண்டும். கொடிப் பசலையில் நேர்மாறாக நுனியைத்தான் கிள்ள வேண்டும். நுனி போன இடத்தில் இரு கிளைகள் வரும். புதினாவைப் பூக்கும் முன் தரையையொட்டி முழுவதுமாக வெட்டிவிடலாம். பார்க்க மொட்டையாக இருந்தாலும் இரண்டு மூன்று வாரத்தில் முன்பைவிட அடர்ந்து எழும்.

கறிவேப்பிலை வீட்டுக்கு வீடு தவறாகப் பறிக்கப்படுகிறது. தாளிக்க வேண்டிய பத்து இலையை ஈர்க்கிலிருந்து உருவிக்கொண்டு, ஈர்க்கைச் செடியிலேயே விட்டுவிடுகிறோம். அந்த வெறும் குச்சியால் செடிக்குப் பயனில்லை. கிளையின் நுனியை நாலைந்து ஈர்க்குகளோடு சேர்த்து வெட்டுங்கள். மிஞ்சியதைச் சமையலறையில் வைத்துக்கொள்ளலாம். வெட்டிய இடத்தின் கீழ் இரண்டு மூன்று துளிர்கள் கிளம்பும். வெள்ளைப் பூங்கொத்து வந்தவுடன் கிள்ளிவிட்டால் இலை தொடரும். கருநிறப் பழம் வரை விட்டால் குயில்களுக்குக் கொண்டாட்டம், நமக்கு இலை குறைவு. வீட்டுக் கொல்லையில் பெரியகுளம் 1 போன்ற செடிமுருங்கை இருந்தால், அது 75 சென்டிமீட்டர் உயரத்தை எட்டும்போது நுனியைக் கிள்ளி, காய்ப்பு ஓய்ந்தபின் தரையிலிருந்து 90 சென்டிமீட்டரில் வெட்டிவிடுங்கள். கைக்கு எட்டும் உயரத்தில் அடுத்த காய்ப்பு வரும்.

பறிக்கும் நேரமும் பறித்த பின்பும்

பனி உலர்ந்து, வெயில் சுடுவதற்கு முன்னுள்ள காலை வேளையே பொதுவாகச் சிறந்தது. இரவில் செடி நீரை மீட்டுக்கொண்டிருப்பதால் காயும் கீரையும் விறைப்பாக இருக்கும், அதிக நாள் வாடாது. கூரிய சிறு கத்தரிக்கோல் ஒன்றைத் தோட்டத்துக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். நோய் தெரிந்த செடியைத் தொட்டபின் அதைச் சோப்பு நீரிலோ மருந்துக்கடை ஸ்பிரிட்டிலோ துடைத்துவிட்டு அடுத்த செடிக்குப் போக வேண்டும். வெண்டையிலும் மிளகாயிலும் இலை சுருண்டோ நரம்பு மஞ்சளித்தோ இருந்தால் அந்தச் செடியைக் கடைசியாகத் தொடுவது நல்லது.

தொடர்ந்து பறிக்கும் செடிக்குத் தொடர்ந்து உணவு வேண்டும். தொட்டியிலும் பையிலும் உள்ள மண் சிறிதளவே என்பதால், வயலில் இருப்பதைவிட விரைவில் சத்து தீரும். பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை தொட்டிக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரத்தை மேல்மண்ணில் கலந்து நீர் விடுங்கள். பஞ்சகவ்யம் தெளிப்பவர்கள் ஒரு லிட்டர் நீருக்கு 30 மில்லி என்ற அளவை மீற வேண்டாம். பறித்துவிட்டோமே என்று தழைச்சத்தை அள்ளிக் கொட்டினால் இலை கொழுத்துப் பூ குறையும். அசுவினிப் பூச்சியும் கூடவே வந்து சேரும்.

ஊருக்குப் போகும்போது பெரும்பாலோர் சொட்டுநீருக்கு ஏற்பாடு செய்கிறார்கள்; பறிப்புக்கு ஏற்பாடு செய்வதில்லை. ஒரு வாரம் பறிக்காத வெண்டையும் வெள்ளரியும் நீர் நிறைய இருந்தாலும் திரும்பி வரும்போது முதுமை தட்டியிருக்கும். புறப்படும் நாள் காலையில் விரல்நீளப் பிஞ்சு வரை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பக்கத்து வீட்டாரிடம் நீர் விடச் சொல்வதோடு காய்களைப் பறித்து அவர்களே வைத்துக்கொள்ளவும் சொல்லுங்கள். நீர் விட மறப்பவர்கள்கூடக் காய் பறிக்க மறப்பதில்லை.

விதைக்கு விடுவது ஒன்றே இந்த முறைக்கு விலக்கு. அதையும் எல்லாச் செடிகளிலும் ஒவ்வொன்றாக விடாமல், நோயின்றி நன்கு காய்த்த ஒரு செடியைத் தேர்ந்து, அதன் நடுப்பருவக் காய்களில் இரண்டு மூன்றுக்குத் துணி கட்டி அடையாளமிட்டு விட்டுவிடுங்கள். அந்தச் செடியிலிருந்து இனிச் சமையலுக்குக் காய் எதிர்பார்க்க வேண்டாம். வெண்டையை நெற்று உலர்ந்து வெடிக்கத் தொடங்கும் வரையிலும், கத்தரியை மஞ்சளித்துக் கனியும் வரையிலும் விட வேண்டும். கலப்பின விதையிலிருந்து வந்த செடியாக இருந்தால் இந்தச் சிரமம் தேவையில்லை. அதன் விதை தாயைப்போல் காய்க்காது.

எவ்வளவு ஒழுங்காகப் பறித்தாலும் ஒரு நாள் காய்கள் சிறுத்து வளையத் தொடங்கும். கத்தரிக்கு அது முடிவு அன்று: தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், நல்ல கணுக்களுக்கு மேலே வெட்டி, மண்ணைக் கிளறி எரு இட்டு நீர் விட்டால், மறுதாம்பு துளிர்த்து இன்னொரு சுற்று காய்க்கும். கோடை உச்சத்தில் இதைச் செய்யாமல், ஆனி ஆடிக்காற்றும் சாரலும் வரும்வரை பொறுங்கள். வெண்டையைப் பிடுங்கிவிட்டுப் புது விதை ஊன்றுவதுதான் ஆதாயம். அவரையையும் தட்டைப்பயறையும் பிடுங்க வேண்டாம். தரைமட்டத்தில் வெட்டி, தழைச்சத்தைச் சேர்த்துவைத்திருக்கும் வேர் முடிச்சுகளை மண்ணிலேயே விட்டுவிட்டு, அதே தொட்டியில் கீரையை விதையுங்கள்.